சாட்சிக்கு நின்ற இறால்குஞ்சுகள்

உலகத்தில் மீன் வளர்ப்பவர்கள் ஒரு ரகம். மீனுக்குத் தீனி வளர்ப்பவர்கள் வேறு ரகம். முதல் ரகத்தால் யாருக்கும் தொந்தரவு இல்லை. கண்ணாடித் தொட்டி வாங்குவார்கள், நாலு மீன் விடுவார்கள், வந்தவர் போனவரிடமெல்லாம் ரெண்டு மாதம் காட்டுவார்கள், மூன்றாம் மாதம் அதே தொட்டியில் வெங்காயம் கொட்டி வைப்பார்கள். சாதுக்கள்.

நாம் பார்க்கப்போவது இரண்டாம் ரகம். இவர் வீட்டுத் தொட்டியில் மீன் முட்டை போட்டிருக்கும். குஞ்சு வெளியே வந்தால் அதற்குக் கடைத்தூள் ஒத்துக்கொள்ளாது, நெளிகிற உயிர்த்தீனிதான் வேண்டும் என்று எவனோ ஒருவன் இவர் காதில் ஓதியிருப்பான். அவ்வளவுதான். கடுகை நூறாகப் பிளந்தால் வருகிற அளவில் பழுப்பு முட்டைகளை டப்பாவில் வாங்கிவந்து, குளிர்பான பாட்டிலின் அடியை அறுத்து, அதைத் தலைகீழாகத் தொங்கவிட்டு, உப்புத்தண்ணீர் ஊற்றி, காற்றுக்குழாயைச் செருகி, பக்கத்தில் விளக்கைக் கொளுத்திவைத்து, பொரியுமா பொரியாதா என்று ஒரு நாள் முழுக்கப் பிரசவ வார்டு வாசலில் நிற்கிற புருஷன் மாதிரி நடந்துகொண்டே இருப்பார். உள்ளே பொரிவது என்ன? உப்புநீர் இறால். முழுசாக வளர்ந்து ஆளானாலும் உங்கள் சுண்டுவிரல் நகத்தைத் தாண்டாது.

இவருக்குப் பொரிப்பாளர் என்று பெயர்.

கோவணத்தை எலி கடிக்கிறது என்று பூனை வளர்த்து, பூனைக்குப் பால் வேண்டுமென்று மாடு வாங்கி, மாட்டைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமென்று கல்யாணமே செய்துகொண்ட சாமியாரை உங்களுக்குத் தெரியும். அந்தச் சாமியாராவது கடைசியில்தான் சம்சாரி ஆனார். நம்முடைய பொரிப்பாளர் தொடக்கத்திலேயே சம்சாரி. ஆகவே இவர் செய்வதையெல்லாம் அனுபவிக்க வீட்டில் ஆள் தயாராக இருக்கிறது.

பொரிப்பாளரை எப்படிக் கண்டுபிடிப்பது என்கிறீர்களா? வீட்டுக்குள் நுழைந்ததும் காதைக் கொடுங்கள். ஏதோ ஒரு மூலையில் யாரோ வாய் கொப்பளித்துக்கொண்டே இருப்பது போலச் சத்தம் வரும். துப்பவே மாட்டார்கள். குளிர்சாதனப் பெட்டியைத் திறந்தால் வெண்ணெய்க்கும் ஜாமுக்கும் நடுவில் ஒரு டப்பா உட்கார்ந்திருக்கும், மேலே ‘தொடாதே’ என்று சிவப்பு மையில் எழுதியிருக்கும். அடுப்பங்கரையில் உப்பு இருக்காது. உப்பு எங்கே என்று கேட்டால், “அவர்கிட்ட இருக்கு” என்று பதில் வரும். மணி என்ன என்று இவரைக் கேட்டுப் பாருங்கள். எட்டு, ஒன்பது என்று எல்லாரையும் போலச் சொல்லமாட்டார். “பதினேழு மணி நேரம் ஆச்சு” என்பார். எது ஆகிப் பதினேழு? கேட்டுவிடாதீர்கள். கேட்டவர் ஒருவர் ஒன்றரை மணி நேரம் கழித்துத்தான் வெளியே வந்தார், அதுவும் தன் செருப்பை விட்டுவிட்டு.

அதிலும் அறுவடை நேரத்தில் நீங்கள் மாட்டிக்கொண்டால் ஒழிந்தீர்கள். காற்று மோட்டாரை நிறுத்துவார். “இப்ப யாரும் பேசக்கூடாது” என்பார், இறாலுக்குக் காது இருப்பது போல. பத்து நிமிடம் அசையாமல் வைத்தால், உடைந்த கூடெல்லாம் மேலே மிதக்கும், பொரியாத முட்டையெல்லாம் அடிக்கழுத்தில் போய்த் தங்கும், உயிருள்ள குஞ்சுகள் மட்டும் விளக்கு வெளிச்சத்தைத் தேடி ஒரே இடத்தில் ஆரஞ்சு நிறப் புகை மாதிரி திரளும். அந்தப் புகையை மட்டும் குழாய் வைத்து இழுத்து, மெல்லிய துணியில் வடித்து, நல்ல தண்ணீரில் உப்புப்போக அலசி, மீன்குஞ்சுக்குப் போடவேண்டும். கூடு சேர்ந்துபோனால் மீன்குஞ்சின் வயிறு அடைத்துக்கொள்ளும். இதையெல்லாம் இவர் உங்களுக்கு மூன்று தடவை சொல்வார். நாலாவது தடவை உங்களையே சொல்லச் சொல்லிக் கேட்பார்.

பொதுவாகப் பேசி என்ன பயன்? ஒருவரைப் பிடித்துக்கொள்வோம்.

இவருக்கு வேலையிடத்தில் வைத்த பெயர் குமிழி. வயதுக்கு மரியாதையாக நாம் குமிழியார் என்று சொல்வோம். லிஃப்ட் பழுது பார்ப்பவர். கெட்டிக்காரர். எந்த மாடியில் எந்தக் கதவு இழுத்துக்கொள்ளும் என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார். ஆனால் ஒத்திகைக்காகப் பாட்டில் தொங்கவிட ஆரம்பித்த மூன்று வாரமாக, ரெண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட பெண்மணி யாராவது போனில் அலறினால், “பயப்படாதீங்கம்மா. உள்ள வெளிச்சம் இருக்கா? காத்து வருதா? அப்ப ஒண்ணும் ஆகாது, விட்டுடுங்க” என்று பாட்டிலுக்குச் சொல்கிற அதே வைத்தியத்தைத்தான் அவர்களுக்கும் சொல்லிக்கொண்டிருந்தார்.

வீட்டுக்காரம்மா ஆஸ்பத்திரியில் நர்ஸ். பிறந்த பிள்ளைகள் வார்டு. ரெண்டு மணிக்கொரு தரம் இன்ன பிள்ளைக்கு இத்தனை சொட்டுப் பால் என்று இருபது வருஷமாக ஊட்டுகிறவர். கல்லூரிக்குப் போகிற ஒரே மகள். வாய் மட்டும் அப்பாவைக் கொண்டு, புத்தி அம்மாவைக் கொண்டு.

குமிழியார் தொட்டியில் ஒரு ஜோடி ஏஞ்சல் மீன். மூன்று முறை முட்டையிட்டு, மூன்று முறையும் தாயும் தகப்பனும் சேர்ந்து உட்கார்ந்து ஒன்றுவிடாமல் தின்று தீர்த்தன. ஒவ்வொரு முறையும் குமிழியார் ஒரு வேளை சாப்பிடாமல் இருந்தார். நாலாவது முறை சுதாரித்துக்கொண்டார். முட்டை ஒட்டியிருந்த இலையை அப்படியே அறுத்து வேறு தொட்டிக்கு மாற்றிவிட்டார். முட்டை வெடித்தது. குஞ்சுகள் இலையில் ஒட்டிக்கொண்டு வாலை மட்டும் ஆட்டின. வயிற்றில் கட்டிவந்த மஞ்சள் பை தீரும்வரை அதற்கு வெளித்தீனி வேண்டாம். பை தீர்ந்ததும் இலையை விட்டு எழுந்து நீந்தும். நீந்திய அன்றே வாயில் ஏதாவது விழுந்தாக வேண்டும். விழாவிட்டால் மறுநாளிலிருந்து ஒவ்வொன்றாய்ச் சாய ஆரம்பித்துவிடும்.

சனிக்கிழமை நீந்தும் என்று கணக்குப் போட்டு, வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்குப் பாட்டில் ஏற்றினார் குமிழியார். கணக்கு தப்பவில்லை. சனிக்கிழமை எட்டு மணிக்கு மீன்குஞ்சுகள் கொசுக்கூட்டம் மாதிரி இலையை விட்டுக் கிளம்பின. அதே நேரம் பாட்டிலில் ஆரஞ்சுப் புகை. அப்படிப் பொருத்தம் அமைவது ஆயிரத்தில் ஒன்று. குமிழியாருக்குக் கண் கலங்கிவிட்டது. கல்யாணத்தில்கூடக் கலங்காத கண் என்று பின்னால் நர்ஸம்மா சொன்னார்.

“தேட ஆரம்பிச்சிடுச்சுங்க, பாருங்க. வாயைத் தொறந்து தொறந்து மூடுது. சீக்கிரம் எடுத்துப் போடுங்க” என்றார் நர்ஸம்மா, வேலைக்குக் கிளம்பிக்கொண்டே.

“போட்டுடலாம். ஒரே ஒரு நிமிஷம்.”

அந்த ஒரு நிமிஷத்தில்தான் வந்தது வினை.

ஒரு சொட்டுக்குழாய் தண்ணீரை வெள்ளைத் தட்டில் விட்டு, பூதக்கண்ணாடியும் ஊசியுமாக எண்ண உட்கார்ந்தார் குமிழியார். எத்தனை பொரிந்தது, எத்தனை பொரியவில்லை? யாராவது கேட்டார்களா? மீன் கேட்டதா? கேட்கவில்லை. ஆனாலும் பொரிப்பாளர் எண்ணாமல் இருந்தால் அவர் பொரிப்பாளரே இல்லை. முதல் எண்ணிக்கையில் நூற்றுக்கு அறுபத்தொன்று. அடுத்ததில் அறுபத்தைந்து. நடுவில் ஒரு சிக்கல்: பொரிந்து வந்த ஒன்று, எண்ணிக்கொண்டிருக்கும்போதே ஊசி பட்டுச் செத்துப்போயிற்று. இது பொரிந்த கணக்கா, செத்த கணக்கா? இதற்கு ஒரு கால்மணி நேரம். கடைசியில் மொத்தமாய் அறுபத்துமூன்று என்று முடிவானது.

டப்பாவை எடுத்துப் பார்த்தார். ‘நூற்றுக்குத் தொண்ணூறு பொரியும்’ என்று அச்சடித்திருந்தது.

குமிழியாருக்குக் காது சிவந்தது. உடனே போன்.

தொட்டிமீன் கடைக்காரர் நயமான மனிதர். வாடிக்கையாளர் மீன் செத்துப்போனதென்று வந்து அழுதால், கூடவே அழுதுவிட்டு, இன்னொரு மீன் விற்று அனுப்புகிறவர். ஆனால் முட்டையைப் பற்றிச் சொன்னதும் அவர் குரலும் மாறிவிட்டது.

“சார், நம்ம முட்டை தொண்ணூறுக்குக் கொறஞ்சதா சரித்திரமே கிடையாது. உங்க தண்ணியப் பாருங்க.”

“என் தண்ணியா?”

“உப்பு சரியா போட்டீங்களா?”

“உப்பா? எனக்கா?”

ஒரு பொரிப்பாளரின் குலத்தைப் பழிக்கலாம், கோத்திரத்தைப் பழிக்கலாம். தண்ணீரைப் பழிக்கக்கூடாது.

“நேர்ல வாய்யா! வந்து உன் கண்ணால எண்ணிப் பாரு!”

“நாளைக்கு மத்தியானம் கடையை மூடிட்டு வர்றேன் சார். அப்படியே வெச்சிருங்க. எதையும் தொடாதீங்க.”

தொடாதீங்க. இந்த ஒரு வார்த்தை போதாதா? குமிழியார் பாட்டிலைச் சுற்றி டேப் ஒட்டினார். குழாய் வாயிலும் ஒட்டினார். ஒரு சீட்டு எழுதிக் கட்டினார்: இன்ன டப்பா, வெள்ளி காலை ஆறு மணி, முட்டை அரை ஸ்பூன், கீழே தேதி போட்டுக் கையெழுத்து. அறுபத்துமூன்று என்பதை மட்டும் எழுதவில்லை. அதைக் கடைக்காரர் மூஞ்சியைப் பார்த்துத் தன் வாயால் சொல்லவேண்டும் என்று பத்திரமாக வைத்துக்கொண்டார்.

சாயங்காலம் வேலை முடிந்து வந்த நர்ஸம்மா, பையைக்கூடக் கீழே வைக்காமல் மீன்குஞ்சுத் தொட்டியில் குனிந்தார். நிமிர்ந்தார்.

“என்னங்க, இன்னும் ஒண்ணுமே போடலையா?”

“போடுறதா இருந்தேன். அதுக்குள்ள ஒரு பிரச்சினை. அது இப்ப சாட்சி.”

“எது சாட்சி?”

“பாட்டில்.”

நர்ஸம்மா பாட்டிலைப் பார்த்தார். டேப்பைப் பார்த்தார். கையெழுத்தைப் படித்தார். வீட்டுக்கடன் பத்திரத்தில்கூட இவ்வளவு அழகாகக் கையெழுத்துப் போட்டதில்லையே என்று அவர் முகத்தில் எழுதியிருந்தது.

“பாதியை எடுத்துப் போடுங்க. மீதி சாட்சி சொல்லட்டும்.”

“பாதி எடுத்தா கணக்கு கலைஞ்சிடும். அந்த ஆள் எமகாதகன். நல்லதை எடுத்துட்டு மோசத்தைக் காட்டுறேன்னு சொல்லுவான்.”

“அப்ப முட்டை அவிச்சு, மஞ்சக்கருவைக் கரைச்சு ஊத்தட்டுமா?”

“அய்யய்யோ! தண்ணி நாறிடும். ராத்திரிக்குள்ள எல்லாம் போயிடும்.”

“வேற பாட்டில் போடுங்கப்பா” என்றாள் மகள், அறைக்குள்ளிருந்தே.

“மோட்டார் ஒண்ணுதான்மா இருக்கு. அதைக் கழட்டினா இது மூச்சு முட்டிச் செத்துடும்.”

“ஓகோ, இது சாகக்கூடாதா?”

“கூடாது.”

“எதுக்குப்பா வாங்கினீங்க இதை?”

“குஞ்சுக்குப் போடத்தான்.”

“போட்டா என்ன ஆகும் இது?”

குமிழியார் டேப்பின் ஓரத்தை அழுத்தி ஒட்டினார். நல்ல கேள்விகளுக்கு அவர் என்றைக்குமே பதில் சொன்னதில்லை.

மகள் விடவில்லை. கைபேசியைத் தேய்த்துக்கொண்டே வெளியே வந்தாள். “இங்க ஒருத்தர் எழுதியிருக்காரு. பொரிஞ்ச இறால்குஞ்சுக்கும் வயித்துல சத்து கொஞ்ச நேரந்தானாம். போகப்போக அதுவும் காலியாம். நாளைக்கு மத்தியானம் நீங்க எடுத்துப் போட்டா, பாதி சக்கைதான்.”

ஆக, தின்ன வேண்டியதும் பட்டினி, தின்னப்பட வேண்டியதும் பட்டினி. ரெண்டுக்கும் நடுவில் டேப் ஒட்டிய நியாயம் ஒன்று குபுகுபுவென்று கொப்பளித்துக்கொண்டிருந்தது.

“அதுங்களுக்கு இன்னும் மஞ்சப்பை கொஞ்சம் இருக்கும். ஒரு நாள் தாங்கும்” என்றார் குமிழியார், யாரையும் பார்க்காமல்.

“நானும் பார்த்தேன். ஒண்ணும் இல்ல. முதுகும் வயிறும் ஒட்டிக் கெடக்கு” என்றார் நர்ஸம்மா. “எங்க வார்டுல பிள்ளை அழுதா, பால் டப்பால போட்டிருந்த அளவுக்கு இருந்துச்சா இல்லையான்னு தராசு தூக்கிட்டு நிக்கமாட்டோம். மொதல்ல வாயில ஊத்துவோம்.”

“அது வேற, இது வேற.”

“ஆமா. அதுங்க அழும். இதுங்க அழாது. அதான் உங்களுக்கு வசதி.”

இந்த இடத்தில் குமிழியாரைக் கல்நெஞ்சர் என்று நினைத்துவிடாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் பல்கூட விளக்காமல் நேரே தொட்டிக்குத்தான் போனார். இலைக்கு அடியில் ஏழெட்டுக் குஞ்சு, உடைந்த நூல்துண்டு மாதிரி வெளுத்துக் கிடந்தன. மற்றவையும் நேற்று இருந்த ஓட்டத்தில் இல்லை; ஒரு மூலையில் தலையைச் சாய்த்துக்கொண்டு, வாயை மட்டும் மெல்ல அசைத்தன. மூன்று முறை பெற்றவர்கள் தின்றுபோட்டு, நாலாவது முறையாக வந்த பிள்ளைகள். அவர் கை தானாக நீண்டு பாட்டிலின் டேப் வரை போனது.

அப்போது சீட்டு கண்ணில் பட்டது. கையெழுத்து.

போன கை, காதைச் சொறிந்துவிட்டுத் திரும்பியது.

கடைக்காரருக்கு மறுபடி போன் போட்டார். சீக்கிரம் வரச் சொல்லிக் கெஞ்சினார். கடையில் கூட்டம் என்றார் அவர். “நானே வந்து கூட்டிட்டு வர்றேன்” என்று சட்டையை மாட்டிக்கொண்டு, பொத்தானை ஒன்று மாற்றி ஒன்று போட்டுக்கொண்டு, ஸ்கூட்டரை எடுத்துப் பறந்தார். அவ்வளவு அவசரம். மீனைக் காப்பாற்றவேண்டுமே! டேப்பைப் பிய்ப்பதற்கு அரை விநாடி போதும், ஸ்கூட்டரில் போய்வர ஒன்றரை மணி நேரம் ஆகும் என்பது அவர் கணக்கில் வரவில்லை. சதவீதம் போடத் தெரிந்தவருக்குக் கூட்டல் வராது.

அவர் தெருமுனை திரும்பியதும் வீட்டில் நடந்ததைப் பிற்பாடு மகள்தான் அவரிடம் சொன்னாள். சொன்னாள் என்றால், நடித்தே காட்டினாள்.

நர்ஸம்மா கையைச் சோப்புப் போட்டுக் கழுவினார். மோட்டாரை நிறுத்தினார். மூன்று வாரமாகக் கொப்பளித்துக்கொண்டிருந்த வீடு சட்டென்று வாயை மூடியது. “அம்மா, கரண்ட் போயிடுச்சா?” என்று மகள் அறையிலிருந்து ஓடிவந்தாள். நர்ஸம்மா உதட்டில் விரலை வைத்தார். இறாலுக்குக் காது இருக்கிறதோ இல்லையோ, பழக்கம் தொற்றிக்கொண்டுவிட்டது.

டேப்பைக் கத்தரித்தார். டார்ச் லைட்டைப் பாட்டில் கழுத்துக்குப் பக்கத்தில் வைத்தார். பத்து நிமிடம் பொறுத்தார். மேலே கூடு மிதந்தது. அடியில் கசடு தங்கியது. அதற்குச் சற்று மேலே ஆரஞ்சுப் புகை திரண்டது. புருஷன் சொல்லிச் சொல்லிக் காது புளித்த பாடம் ஆயிற்றே, ஒரு எழுத்துத் தப்பவில்லை. முதலில் அடியில் கிடந்த கசடைக் குழாயில் இழுத்து ஒரு கிண்ணத்தில் விட்டு, அதை நேரே கழுவுதொட்டியில் கொட்டினார். அடுத்து ஆரஞ்சுப் புகை முழுவதையும் இழுத்துக் கைக்குட்டையில் வடித்தார். நல்ல தண்ணீரில் ரெண்டு தரம் அலசினார். சொட்டுக்குழாயில் எடுத்து, சோர்ந்து கிடந்த மூலையில் துளித்துளியாக விட்டார். பிறகு மோட்டாரைப் பழையபடி ஓடவிட்டுவிட்டு, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஒரு குஞ்சு உடம்பை வில்லாய் வளைத்தது. ஒரு தாவல். அடுத்தது ஒன்று. அதைப் பார்த்து இன்னொன்று. பத்து நிமிடத்தில் அந்த மூலையே பந்தி மாதிரி ஆகிவிட்டது. கண்ணாடி போன்ற உடம்புக்குள் ஒவ்வொரு வயிறும் ஆரஞ்சு நிறத்தில் குண்டூசித் தலையாய்ப் பருத்துத் தெரிந்தது.

“எத்தனைம்மா பொழச்சிருக்கும்?” என்றாள் மகள்.

“யாருக்குத் தெரியும்? தின்னுதுங்க. அது போதும்.”

வாசலில் ஸ்கூட்டர் நின்றது. குமிழியார் முன்னே, கடைக்காரர் பின்னே. வழியெல்லாம் வாக்குவாதம் நடந்திருக்கவேண்டும். ரெண்டு பேர் முகமும் அடுப்பிலிருந்து இறக்கி வைத்தது போல இருந்தது.

“இதோ, தொடாம வெச்சிருக்கேன் பாரு. டேப்பு, கையெ...”

குமிழியார் அப்படியே நின்றுவிட்டார். டேப் ரெண்டாகத் தொங்கியது.

“பசிக்குதுன்னு போட்டுட்டேங்க” என்றார் நர்ஸம்மா, ஸ்டூலை விட்டு எழுந்திருக்காமல்.

கடைக்காரரோ அனுபவசாலி. மோட்டாரை அவரே நிறுத்திப் பத்து நிமிடம் பொறுத்தார். பாட்டிலைச் சுற்றி ஒரு வலம் வந்தார், குனிந்தார், டார்ச்சை வாங்கி அடித்துப் பார்த்தார். அவர் முகம் மெல்ல மெல்ல விடிந்தது.

“சார், மேல மிதக்குறது என்ன?”

“கூடு.”

“ஒடஞ்ச கூடு. பொரிஞ்சு வெளிய போனா விட்டுட்டுப் போறது. சரிதானே? பொரியாத முட்டை எங்க சார் தங்கும்?”

“அடியில.”

“ஒண்ணு காட்டுங்க.”

குமிழியார் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார். மூக்கை ஒட்டிவைத்துப் பார்த்தார். பாட்டிலின் கழுத்து துடைத்துவைத்தது போல இருந்தது.

“நூத்துக்கு நூறு சார்!” என்று கையைத் தட்டினார் கடைக்காரர். “நான் ஏதோ அடக்கமா தொண்ணூறுன்னு போட்டு வெச்சிருந்தேன். என் மேலதான் தப்பு.”

“இல்ல, அறுபத்துமூணு! நான் எண்ணினேன்!”

“எங்க சார் அந்த முப்பத்தேழு?”

குமிழியார் மனைவியைப் பார்த்தார். அந்தப் பார்வையில் முப்பது வருஷ தாம்பத்தியமும் இருந்தது. சொல்லு தாயே, சொல்லிவிடு என்று இருந்தது. நர்ஸம்மா மீன்தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“எனக்கு அந்தக் கணக்கெல்லாம் தெரியாதுங்க.”

கடைக்காரர் போய் மீன்குஞ்சுகளையும் பார்த்தார். “அடடா, வயிறெல்லாம் எப்படிப் பழுத்துக் கெடக்கு! கைராசிம்மா உங்களுக்கு” என்றார். போகும்போது தொங்கிக்கொண்டிருந்த சீட்டை மெல்லக் கழற்றினார். “இதை நான் எடுத்துக்கட்டுமா சார்? எந்த டப்பா, எத்தனை மணிக்குப் போட்டது, எல்லாம் விவரமா இருக்கு, கீழ கையெழுத்தும் இருக்கு. பக்கத்துல நூறுன்னு எழுதிக் கடையில ஒட்டிடறேன். உங்களைமாதிரி தெரிஞ்சவங்க சொன்னா நாலு பேர் நம்புவாங்க.”

போய்விட்டார். குமிழியார் நாற்காலியில் சரிந்தார்.

“அடியில கெடந்தது எங்க?”

“சிங்க்ல ஊத்திட்டேன். கசடைப் போய் குழந்தைக்குக் கொடுப்பாங்களா?”

“அதை அவன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல?”

“சொல்லியிருந்தா ரெண்டு பேரும் மறுபடி பாட்டில் போட்டு, டேப் ஒட்டி, நாளைக்கு வரைக்கும் எண்ணிக்கிட்டு உக்காந்திருப்பீங்க. இதுங்க சாயங்காலம் திரும்பப் பசிக்குதுன்னு நிக்கும். எழுந்து உப்பைக் கொண்டாங்க. அடுத்த பாட்டில் ஏத்தணும்.”

அநியாயம் என்று குமிழியார் முணுமுணுத்தார். எழுந்தார். ஆனால் உப்பு டப்பாவை நோக்கிப் போன கால், வழியில் மீன்குஞ்சுத் தொட்டி முன் நின்றுவிட்டது. முதல்முறையாக அவர் அந்தப் பிள்ளைகளை ஒழுங்காகப் பார்த்தார். ஒவ்வொன்றும் வயிற்றில் ஒரு ஆரஞ்சுப் பொட்டோடு, தெம்பாக, துடியாக. முகம் இளகியது. உதடு விரிந்தது. கண்ணில் ஈரம்கூடத் தெரிந்தது. “அப்பா திருந்திட்டாரும்மா” என்று மகள் கிசுகிசுத்தாள்.

கை சட்டைப்பையில் பூதக்கண்ணாடியைத் தேடியது.

“ஒண்ணு... ரெண்டு... மூணு... ஏய், அசையாம நில்லு... இலையில மொத்தம் இருநூத்துப் பத்து முட்டை. அப்ப சதவீதம்...”

நர்ஸம்மா ஸ்டூலை விட்டு எழுந்தார். உப்பை அவரே எடுத்துக்கொண்டு போனார்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், வாய்க்கு நல்லது. நமக்கும் பாட்டிலுக்கும் சம்பந்தமில்லை, உப்பைக் கண்டால் சோற்றில் போடுவதோடு சரி என்று நிம்மதியாகச் சாய்ந்துகொள்ளவும் செய்யுங்கள். ஆனால் ஒன்று கேட்கிறேன், உண்மையைச் சொல்லவேண்டும். காற்று வாங்க நடக்கப் போய், காற்றை விட்டுவிட்டு எத்தனை அடி நடந்தோம் என்று மணிக்கட்டையே பார்த்துக்கொண்டு வந்ததுண்டா? பிள்ளை பள்ளியில் என்ன படித்தது என்று கேட்காமல் எத்தனை மார்க்கு என்று மட்டும் கேட்டதுண்டா? இல்லையா? சரி, இதையாவது சொல்லுங்கள். படித்துக்கொண்டிருக்கும்போதே நடுவில் நிறுத்தி, இன்னும் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று கடைசிப் பக்கத்தை ஒரு எட்டுப் பார்த்துவிட்டு வந்தீர்களா, இல்லையா?

பார்த்திருந்தால் பரவாயில்லை, நம்மவர்தான். உடனே எழுந்துபோய் வீட்டில் யாருக்குப் பசிக்கிறது என்று கேட்டு, இருப்பதை எடுத்துக் கொடுங்கள். எத்தனை பேர் என்று மட்டும் எண்ணவேண்டாம்.